வண்டிக்கு முதல் தண்ணி

குதிரை வண்டி ஓட்டுறதெண்டால் அரச குடும்பத்துப் பொழுதுபோக்கு எண்டுதான் நினைக்கிறம். பாதி உண்மை. பிரித்தானிய இளவரசர் பிலிப் 1971இல் போலோவை விட்டிட்டு இதைத்தான் எடுத்தார். இந்தப் போட்டிக்கான சர்வதேச விதிகள் உருவாகவும் அவரே முன்நின்றார்.

ஆனால் மட்டக்குதிரைக்கு இளவரசரைத் தெரியாது. முதுகில் சவாரி செய்பவர் காலாலும் உடல் பாரத்தாலும் அதோடு பேசலாம். வண்டியில் இருப்பவருக்கோ வாரும் குரலும் சவுக்கும் மட்டும்தான். அதனால்தான் முதலில் வண்டியே இல்லாமல், நீள வாரைப் பிடித்துப் பின்னால் நடந்து நடந்து பழக்குகிறார்கள். பொறுமையில்லாதவருக்கு இது சரிவராது.

இதை ஏன் இப்ப சொல்லுறம்? நெடுந்தீவுக்குப் போய் வாற எங்கட ஆக்கள் சிலர், "இந்தக் குதிரைகளை வண்டியில பூட்டினால் என்ன?" எண்டு கேட்கினம். எங்களுக்கும் ஆசைதான். ஆனால் அவை கட்டாக்காலியாகவே பிறந்து வளர்ந்தவை. கடும் வரட்சியில் தண்ணியில்லாமல் செத்தும் போயிருக்கின்றன. ஒரு மட்டக்குதிரைக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 20 லீற்றர் தண்ணி வேணும். உழைத்தால் அதைவிடக் கூட.

முதலில் தொட்டியை நிரப்புவம். கோடை முழுக்க அது வற்றாமல் பார்த்துக்கொள்ள எங்களால் முடிஞ்சால், பிறகு வண்டியைப் பற்றிக் கதைப்பம்.