கூந்தன்குளம் கற்பிக்கும் பாடம்

திருநெல்வேலி மாவட்டத்துக் கூந்தன்குளத்தில் மஞ்சள்மூக்கு நாரைகள் வீட்டோர மரங்களிலும் கூடு கட்டுகின்றன. ஆழமற்ற நீரில் பாதி திறந்த அலகை அமிழ்த்தி, காலால் சேற்றைக் கலக்கி, மீன் பட்டதும் சட்டெனக் கவ்வுகின்றன. வெயிலில் குஞ்சுகளுக்குச் சிறகையே குடையாக விரிக்கின்றன.

எச்ச நாற்றத்தை ஊரார் பொறுத்துக்கொள்கிறார்கள். எச்சம் கலந்த குளத்துநீர் வயலுக்கு உரமாகிறது. பறவைகள் அஞ்சுமே என்று தீபாவளிக்கும் வெடி வெடிப்பதில்லை. 1994-இல் சரணாலயம் ஆவதற்கு முன்பே தொடங்கிய உறவு இது.

நாமோ நம்மூர்க் குளத்தைக் குப்பைமேடாக்கிவிட்டு, சுற்றுச்சூழல் பற்றிக் கட்டுரை எழுதிப் பரிசு பெறுகிறோம்! சட்டம் மட்டும் பறவைகளைக் காத்துவிடாது. தோழியரே, தவக்காலத்தில் மட்டுமா ஒறுத்தல்? இறைவன் படைத்த உயிர்களுக்காக நம் இன்பத்தில் சிறிது விட்டுக்கொடுப்பதும் ஓர் ஒறுத்தலே.