பத்து நிமிட மூச்சும் பள்ளிக்கூட ஜன்னலும்

காலை எட்டு மணிக்கு ஸ்ரீராமபுரம் பக்கமோ நீலசந்திரா பக்கமோ போய்ப் பார்த்தால் தெரியும். தாய் கார்மெண்ட்ஸ் வேலைக்கு நேரமாகிவிட்டதென்று ஓடுகிறாள். தகப்பன் பீன்யாவில் இரவு ஷிப்ட் முடித்து அப்போதுதான் வந்து படுத்திருக்கிறார். பிள்ளை அரை டம்ளர் டீயைக் குடித்துவிட்டு, பையை மாட்டிக்கொண்டு, பஸ்ஸுக்கும் ஆட்டோவுக்கும் நடுவே புகுந்து பள்ளிக்கூடம் போய்ச் சேர்கிறது. மணி அடிக்கிறது. அடுத்த நிமிடமே கரும்பலகையில் கணக்கு வந்துவிடுகிறது. வண்டி பிளாட்பாரத்தில் வந்து நின்றுவிட்டது என்பதற்காக எஞ்சின் சூடு உடனே தணிந்துவிடுமா என்ன?

இப்படி வந்து உட்காரும் பிள்ளைக்குப் பாடம் தொடங்குமுன் சற்று நேரம் நிதானமாக மூச்சு விடச் சொல்லிக்கொடுக்கலாமா, கூடாதா என்பது கர்நாடகத்தில் பலமுறை எழுந்த கேள்வி. 2022 நவம்பரில் அப்போதைய கல்வி அமைச்சர் பி.சி.நாகேஷ், பள்ளிகளிலும் பி.யு. கல்லூரிகளிலும் தினம் பத்து நிமிடம் தியானம் நடத்த வேண்டும் என்று அறிவித்தார். ஒரு சாரார் கைதட்டினர். இன்னொரு சாரார், வகுப்பறைக்குள் மதத்தைக் கொண்டுவரும் வழி இது என்றனர். அதற்கு முன்பே, 2017 ஆகஸ்டில், எட்டாம் வகுப்பு வரை யோகாவைக் கட்டாயமாக்கச் சொன்ன மனுவை சுப்ரீம் கோர்ட் தள்ளுபடி செய்திருந்தது. பள்ளியில் எதைக் கற்பிப்பது என்று சொல்வது தங்கள் வேலையல்ல என்று நீதிபதிகள் ஒதுங்கிக்கொண்டனர்.

இந்தச் சச்சரவில் எல்லாரும் மறந்துபோன சங்கதி ஒன்று உண்டு. பிள்ளைகளின் மூச்சைப் பற்றிய ஆராய்ச்சி பெங்களூரிலேயே நடந்திருக்கிறது. விவேகானந்த கேந்திர யோக ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த நவீன், நாகரத்னா, நாகேந்திரா, ஷிர்லி டெல்லஸ் ஆகியோர் 1997ல் அதை வெளியிட்டனர். 10 முதல் 17 வயதுக்குட்பட்ட 108 மாணவர்களை நான்கு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழு வலது நாசியிலும், ஒரு குழு இடது நாசியிலும், இன்னொன்று மாற்றி மாற்றியும் மூச்சு விட்டது. நான்காவது குழு மூக்கைத் தொடவே இல்லை. தன் மூச்சு போய்வருவதை வெறுமனே கவனித்தது. பத்து நாள் கழித்துச் சோதித்தபோது, உருவங்களையும் அவற்றின் இடத்தையும் நினைவில் வைக்கும் சோதனையில் நான்கு குழுக்களுமே முன்னேறியிருந்தன. சராசரி உயர்வு 84 சதவீதம். பயிற்சி பெறாத 27 மாணவர்களிடம் மாற்றம் இல்லை.

பத்து நாள் பரிசோதனைதான். யோகாவைக் கற்றுத்தரும் இடத்தாரே செய்ததுதான். சொற்களை நினைவில் வைக்கும் சோதனையில் அப்படிப்பட்ட முன்னேற்றம் வரவும் இல்லை. ஆகவே இதை வைத்துக்கொண்டு எஸ்.எஸ்.எல்.சி.யில் மார்க் கொட்டும் என்று யாரும் விளம்பரம் செய்யக்கூடாது. (செய்யாமல் இருக்கமாட்டார்கள், சீருடை, சான்றிதழ், கட்டணம் என்று கிளம்புகிறவர்கள் எங்கும் உண்டு.) ஆனால் அந்த நான்காவது குழுவைக் கவனிக்க வேண்டும். மூக்கை அடைக்காமல், மூச்சை நிறுத்தாமல், மந்திரம் சொல்லாமல், சும்மா கவனித்த பிள்ளைகளும் மற்றவர்களைப் போலவே பலன் பெற்றார்கள். அப்படியானால் மதச் சண்டைக்கு இங்கே என்ன வேலை?

பயந்த பிள்ளைக்கு மூச்சு வேகமாகும், நெஞ்சு படபடக்கும். இதயத் துடிப்பைக் குறை என்றால் யாராலும் உடனே குறைக்க முடியாது. மூச்சை மட்டும் நினைத்தால் மாற்றலாம். மூச்சை வெளியே விடும்போது இதயம் சற்று மெதுவாகத் துடிக்கும். ஆகவே நான்கு எண்ணி இழுத்து, ஆறு எண்ணி விட்டால் போதும். சில நிமிடத்தில் படபடப்பு தணியும். இதற்குப் பாஷையும் வேண்டாம். ஒரே பெஞ்சில் தமிழும் உருதும் தெலுங்கும் கன்னடமும் பேசுகிற பிள்ளைகள் உட்காரும் ஊர் இது. பாடம் கன்னடத்தில் நடந்தாலும் இங்கிலீஷில் நடந்தாலும், மனசுக்குள் ஒன்று, இரண்டு என்று எண்ணுவது அவரவர் தாய்மொழியில்தான்.

ஆனால் பெங்களூரில் மூச்சைப் பற்றிப் பேசுகிறவர்கள் காற்றைப் பற்றியும் பேசியாக வேண்டும். இந்நகரின் குழந்தை மருத்துவர் எச்.பரமேஷ் 2002ல் வெளியிட்ட கணக்கு, சுற்றறிக்கை எழுதுகிற ஒவ்வோர் அதிகாரியின் மேஜையிலும் இருக்க வேண்டியது. 12 பள்ளிகளில் 6 முதல் 15 வயது வரையுள்ள 6,550 பிள்ளைகளிடம் எடுத்த கணக்கு அது. போக்குவரத்து குறைந்த பகுதிப் பள்ளிகளில் 11.15 சதவீதம் பேருக்கு ஆஸ்துமா. போக்குவரத்து மிகுந்த பகுதிகளில் 19.34 சதவீதம். அதே நெரிசலான பகுதியில் ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளிடம் 31.14 சதவீதம். அதாவது மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவு.

அந்த மூன்றாவது எண் யாருடைய வீட்டைப் பற்றியது என்று தமிழ்த் தொழிலாளிக்கு விளக்க வேண்டியதில்லை. மெயின் ரோட்டை ஒட்டி வாடகைக்கு ஒற்றை அறை, அதே ரோட்டை ஒட்டிய பள்ளிக்கூடம். நாற்பது பிள்ளைகள் இருக்கும் வகுப்பில் இழுப்புள்ள பிள்ளைகள் சிலராவது இருப்பார்கள். அவர்களையும் சேர்த்து வைத்துக்கொண்டு, மூச்சை அடக்கு, வேகமாக இழுத்து விடு என்று உடற்பயிற்சி ஆசிரியர் உத்தரவு போட்டால் நன்மைக்குப் பதில் தீமையே வரும். ரோட்டோர ஜன்னலைத் திறந்து வைத்து, லாரியும் ஆட்டோவும் விடும் புகையை ஆழமாக இழுக்கச் சொல்வது கேலிக்கூத்து. ஏதோ ஒரு பின்பக்க வராந்தா, ஒரு மரத்தடி இருக்குமானால் அங்கே போகலாம். அதுவும் இல்லாத பள்ளிகள் உண்டு என்பது வேறு கதை.

இன்னொன்று வயிறு. தமிழ்நாட்டில் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் தொடங்கியது; அரசு தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள் சாப்பிட்டுவிட்டு வகுப்பில் உட்காருகிறார்கள். கர்நாடகத்தில் மதிய உணவு உண்டு, 2013 முதல் பாலும் உண்டு. வெறும் டீயோடு வந்த பிள்ளைக்கு முதலில் அந்தப் பால் டம்ளர் கைக்கு வரட்டும். பசி மயக்கத்தை மூச்சு எண்ணித் தீர்க்க முடியாது.

எல்லாரையும் ஒரே நேரத்தில் உட்காரவைத்து நடத்தும் பயிற்சிக்குப் பலன் எவ்வளவு என்பதற்கு இங்கிலாந்தில் ஒரு பாடம் கிடைத்தது. அங்கே 85 பள்ளிகளில் எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்களை வைத்து, ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்து, மனதைக் கவனிக்கும் பயிற்சியைச் சோதித்தனர். 2022ல் முடிவு வந்தது. வழக்கமான பள்ளிப் பாடத்தைவிட அதிகப் பலன் இல்லை. பிள்ளைகளில் பெரும்பாலோர் வீட்டில் அதைச் செய்யவே இல்லையாம். கட்டாயப்படுத்தினால் பிள்ளை கண்ணை மூடும்; மூடிய கண்ணுக்குள் கிரிக்கெட் ஓடும்!

ஆகவே பத்து நிமிடம் என்று மணி அடித்து நடத்துவதைவிட, வேண்டிய இடத்தில் இரண்டு நிமிடம் வைப்பது மேல். காலை ஓட்டத்துக்குப் பின் ஒருமுறை. விளையாட்டு பீரியட் முடிந்து பாடம் தொடங்குமுன் ஒருமுறை. எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சையில் கேள்வித்தாளைப் படிக்கவென்றே 15 நிமிடம் கொடுக்கிறார்கள். அதில் முதல் ஒரு நிமிடத்தை, தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு ஆறு எண்ணி மூச்சு விடுவதற்குச் செலவிடப் பழகிய பிள்ளை எதையும் இழந்துவிடாது. கண்ணை மூட மனமில்லாத பிள்ளை திறந்தபடியே இருக்கட்டும். செய்ய விருப்பமில்லாத பிள்ளை பேசாமல் உட்கார்ந்திருக்கட்டும்.

இதற்கெல்லாம் மந்திரி உத்தரவுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. கர்நாடகத்தில் ஒவ்வோர் அரசுப் பள்ளிக்கும் எஸ்.டி.எம்.சி. என்ற குழு இருக்கிறது. அதில் பெற்றோரே அங்கத்தினர்கள். எந்தப் பிள்ளைக்கு இழுப்பு வரும் என்ற பட்டியல் வகுப்பு ஆசிரியரிடம் இருக்கிறதா, இன்ஹேலர் பையில் இருக்கிறதா, பள்ளி விடும் நேரத்தில் ஆட்டோக்கள் எஞ்சினை அணைக்காமல் வாசலில் நிற்கின்றனவா என்று அங்கே கேட்கலாம். கன்னடம் சரளமாக வராது என்று கூச்சப்பட்டுத் தமிழ்ப் பெற்றோர் பலர் அந்தப் பக்கமே போவதில்லை. உடைந்த கன்னடம் போதும். கூட்டத்தை மட்டும் வேலை நாளில் பகல் 11 மணிக்கு வைக்காமல் ஞாயிற்றுக்கிழமை வைக்கும்படி தலைமை ஆசிரியரைக் கேட்டுக்கொள்ள வேண்டும். சம்பளம் போகாமல் வர முடிந்தால்தான் தாயும் தகப்பனும் வருவார்கள்.