டிக்கெட் போடுமுன் ஒப்பந்தம் போடு

1838ஆம் ஆண்டு கடலூருக்கு அருகிலுள்ள திருவந்திபுரத்திலிருந்து ஐந்து தேவதாசிகளும் மூன்று இசைக்கலைஞர்களும் கப்பலேறி பிரான்சுக்குப் போனார்கள். பாரிஸிலும் லண்டனிலும் ஆடினார்கள். அவர்களில் அம்மணி என்ற இளம்பெண்ணைக் கவிஞர் தியோபில் கோத்தியே வியந்து எழுதினார் என்பதைப் பெருமையாகச் சொல்வார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. அவர்களை அழைத்துப்போன தார்திவெல் என்ற பிரெஞ்சுக்காரர் கிளம்புமுன் எழுத்தில் ஒப்பந்தம் செய்துகொண்டார். 18 மாதப் பயணம், அதற்கு ஊதியம்.

அந்தப் பயணத்தை நான் புனிதப்படுத்தவில்லை. குழுவில் ஆறு வயதுச் சிறுமியும் இருந்தாள். ஆனாலும் ஆடுவது வேலை, வேலைக்குக் கூலி உண்டு என்பதில் இரு தரப்புக்கும் சந்தேகம் இருக்கவில்லை.

இன்று சேலையூரிலும் குரோம்பேட்டையிலும் மேடவாக்கத்திலும் மொட்டைமாடிக் கொட்டகையில் அடவு பழகும் பெண்கள் சிங்கப்பூருக்கும் டொராண்டோவுக்கும் ஆடப் போகிறார்கள். ஒப்பந்தம் எங்கே என்று கேட்டுப் பாருங்கள். “டீச்சர் அம்மா மாதிரி. அவங்ககிட்ட எப்படிப் பேப்பர் கேக்கறது?” என்பார்கள்.

இந்தக் கூச்சத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 1930களில் சதிர், பரதநாட்டியம் ஆனது. மேல்சாதி, நடுத்தர வர்க்க வீடுகளுக்குள் வந்தது. 1947இல் சென்னை மாகாணம் பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டுவதைத் தடைசெய்தது. தேவதாசியை இழிவுபடுத்தச் சொன்ன வசை, ‘காசுக்கு ஆடுகிறவள்’. அந்த வசைக்குப் பயந்துதான் ‘நல்ல குடும்பத்துப் பெண்’ இன்றுவரை காசு கேட்பதில்லை. அவளுடைய மானம் அடுத்தவருக்கு லாபமாகிறது.

பயணத்தின் கணக்கைப் பாருங்கள். பத்துப் பெண்கள் போனால் பத்து விசா, பத்து டிக்கெட், காப்பீடு, உடை, நகை, பெட்டியின் எடையை ஏற்றும் சலங்கை. இதில் பெரும்பகுதியைப் பெற்றோர் கட்டுகிறார்கள். நகையை அடகு வைத்தும் கட்டுகிறார்கள். மிருதங்க வித்வானிடம் சம்பளம் பேசாமல் யாரும் டிக்கெட் போடுவதில்லை. கட்டுப்படியாகாவிட்டால் அவரை விட்டுவிட்டு, பதிவுசெய்த பாட்டை எடுத்துப்போகிறார்கள். ஆடுகிறவளிடம் மட்டும் ‘இது உனக்கு வாய்ப்பு’ என்கிறார்கள்.

கூடவே ஒரு அம்மாவும் போவார். கொக்கி தைப்பது, மடிப்பு இஸ்திரி போடுவது, தங்கும் வீட்டில் பத்துப் பேருக்குச் சமைப்பது எல்லாம் அவர்தான். அழைப்பிதழில் அவர் பெயர் இருக்காது. அமெரிக்காவுக்குக் கலைக்குழுக்கள் போகும் பி-3 விசாவில், கலைஞருக்கு இன்றியமையாத உதவியாளருக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. அந்த நாட்டின் விசா விதிக்குத் தெரிந்த உழைப்பு நம் குழுக்களின் கணக்கில் ஏறவில்லை.

அந்த விசாவுக்கு அங்குள்ள அமைப்பு முன்கூட்டியே மனு போட வேண்டும். செலவும் நாளும் பிடிக்கும். அதைத் தவிர்க்க, “சித்தி வீட்டுக்குப் போறேன்னு சொல்லு” என்று யாராவது சொல்லிக்கொடுத்தால், யோசியுங்கள். பொய் சொல்லப்போவது பத்தொன்பது வயதுப் பெண். பிடிபட்டால் அது அவள் பெயரில் பதிவாகும்.

பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டம் ஊதியம் இல்லாமல் உழைப்பவரையும், பயிற்சி பெறுபவரையும் ஊழியர் என்றே கொள்கிறது. வேலை நிமித்தம் போகும் இடமும், வேலை கொடுப்பவர் ஏற்பாடு செய்யும் வண்டியும் பணியிடம்தான். பத்துப் பேருக்குக் குறைவான இடமானால் மாவட்டத்தின் உள்ளூர்க் குழுவிடம் புகார் தரலாம். எத்தனை குழுக்கள் இதை மாணவிகளிடம் சொல்லியிருக்கின்றன? ‘தொலைந்துவிடும், என்னிடம் கொடு’ என்று பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொள்ளும் அதிகாரத்தை எந்தச் சட்டமும் ஆசிரியருக்குத் தரவில்லை. தாம்பரம் பாஸ்போர்ட் மையத்தில் வரிசையில் நின்று வாங்கியவள் நீ. அது உன் கைப்பையில் இருக்கட்டும்.

ஆசிரியையும் பெண்தானே, அவருக்கே மிஞ்சுவதில்லையே என்பார்கள். உண்மையாக இருக்கலாம். அப்படியானால் வரவையும் செலவையும் மாணவிகள் முன்னால் வைப்பதில் என்ன தயக்கம்? அழைத்த சங்கம் எவ்வளவு தந்தது என்று தெரிந்தால், கூடுதலாகக் கேட்க பத்துக் குரல்கள் அவருடன் சேரும்.

ஆகவே தோழியரே, பயிற்சி நாளுக்கும் மேடைக்கும் எவ்வளவு, எங்கே தங்குவது, உடம்புக்கு முடியாமல் போனால் யார் பொறுப்பு, பாதியில் திரும்ப வேண்டுமென்றால் டிக்கெட் யார் செலவு என்று எழுதி வாங்குங்கள். உடன்வரும் அம்மாவுக்கும் சேர்த்து எழுதுங்கள். எழுத மறுப்பவருடன் திரிசூலம் வரைகூடப் போகாதீர்கள்.