கல்வெட்டுகளும் வேதங்களின் காலமும்: எடுக்கவும் கொடுக்கவும் ஒரே அளவு

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருப்பெயரால்...



சில நாட்களுக்கு முன் அஸர் தொழுகைக்குப் பின் எங்கள் மதரஸாவின் மூத்த மாணவர் ஒருவர் கைப்பேசியை நீட்டியபடி வந்தார். "ஹஜ்ரத், யூதர்களின் வேதம் மூஸா (அலை) அவர்களுக்குப் பல நூற்றாண்டுகள் கழித்துத்தான் எழுதப்பட்டதாம். கல்வெட்டுகளே நிரூபித்துவிட்டனவாம்" என்றார். வழக்கில் வென்றுவிட்டவரின் மகிழ்ச்சி அவர் முகத்தில் இருந்தது. "எந்தக் கல்வெட்டு? அதில் என்ன எழுதியிருக்கிறது?" என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. காணொளியை நானும் பார்த்தேன். அதிலும் அது சொல்லப்படவில்லை. "இதே அளவுகோலைக் கொண்டு நாளை ஒருவர் நம் வேதத்தை அளந்தால் என்ன சொல்வீர்?" என்று கேட்டேன். அவர் மௌனமானார். அந்த மௌனமே இக்கட்டுரைக்குக் காரணம்.

நம் நம்பிக்கையை முதலில் தெளிவாகச் சொல்லிவிடுவோம். மூஸா (அலை) அவர்களுக்குத் தவ்ராத் அருளப்பட்டது என்பது ஈமானின் பகுதி. இன்று யூதர்களின் கையிலுள்ள எபிரேய வேதத் தொகுப்பு அப்படியே அந்தத் தவ்ராத்தான் என்று நாம் கூறுவதில்லை. அதில் மனிதக் கரங்கள் எந்த அளவுக்குப் புகுந்தன என்பதில் நம் முன்னோர்களான ஆலிம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. சொற்களிலேயே மாற்றம் நேர்ந்தது என்றோரும் உண்டு. பொருள் கொள்வதில்தான் திரிபு நேர்ந்தது என்றோரும் உண்டு. வேதக்காரர்கள் சொல்வதை உடனே மெய் என்றோ பொய் என்றோ தீர்த்துவிட வேண்டாம் என்று நபி (ஸல்) அவர்கள் நமக்குக் கற்றுத் தந்தார்கள். ஆகவே, அந்நூல்கள் ஏட்டில் ஏறிய காலத்தை ஆராய்வது நம் ஈமானுக்கு எதிரான செயல் அன்று. ஆனால் அதை எப்படி ஆராய்கிறோம் என்பது நம் நேர்மையைக் காட்டும்.

கல்வெட்டு எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்பதை அறிய ஜெருசலேம் வரை செல்ல வேண்டியதில்லை. காஞ்சியில் வாழும் நமக்கு அது வீட்டு வாசலிலேயே இருக்கிறது. இவ்வூர்க் கயிலாசநாதர் கோயிலில் ஒரு கன்னடக் கல்வெட்டு உண்டு. அதை வெட்டச் செய்தவன் பல்லவரின் பகைவனான சாளுக்கிய மன்னன் இரண்டாம் விக்கிரமாதித்தன். 8ஆம் நூற்றாண்டில் காஞ்சியைக் கைப்பற்றியவன், இக்கோயிலின் செல்வத்தைக் கண்டும் அதைக் கவர்ந்து செல்லாமல் இறைவனுக்கே விட்டுச் சென்றான் என்பது அதன் செய்தி. பல்லவர் தம் தோல்வியைத் தாமே கல்லில் பொறித்திருக்க மாட்டார்கள். பகைவனின் கல்லே நமக்கு அதை உறுதி செய்கிறது.

எபிரேய வேதத்திற்கும் இப்படியொரு பகைவனின் கல் உண்டு. 1868இல் இன்றைய ஜோர்தானின் தீபானில் கண்டெடுக்கப்பட்ட மோவாப் மன்னன் மேஷாவின் கல் அது. கி.மு. 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. இஸ்ரவேல் மன்னன் உம்ரி தன் நாட்டை ஒடுக்கியதையும் பின்னர் தான் அதை மீட்டதையும் மேஷா அதில் சொல்கிறான். எபிரேய வேதத்தின் அரசர் வரலாற்று நூலிலும் இதே மேஷா வருகிறான். கதை மட்டும் எதிர்த்தரப்பிலிருந்து சொல்லப்படுகிறது. 1993இல் தேல் தான் என்னுமிடத்தில் கிடைத்த அரமேயக் கல்வெட்டுத் துண்டில் 'தாவூதின் வீடு' என்ற தொடர் இருப்பதாகப் பெரும்பாலான அறிஞர்கள் வாசிக்கின்றனர். அந்த அரசர்களின் நினைவு பிற்காலத்தார் கற்பனையில் தோன்றியதன்று என்பதற்கு இவை சான்று. ஆனால் அந்த நூல் 9ஆம் நூற்றாண்டிலேயே எழுதி முடிக்கப்பட்டது என்பதற்கு இவை சான்றாகா. நிகழ்ச்சி நடந்த காலம் வேறு. அது நூலில் ஏறிய காலம் வேறு. இந்த இரண்டையும் ஒன்றாக்குவதே முதல் பிழை.

இரண்டாவது பிழை, தொகுக்கப்பட்ட காலத்தைப் பிறந்த காலமாகக் கொள்வது. இதற்கும் தமிழகத்திலேயே தெளிவான எடுத்துக்காட்டு உண்டு. நம் அண்டை வீட்டாரின் மறைநூலான தேவாரத்தை எடுத்துக்கொள்வோம். ராஜராஜ சோழன் காலத்தில் நம்பியாண்டார் நம்பி வழியாகப் பதிகங்கள் மீட்டுத் தொகுக்கப்பட்டன என்பது சைவர்களின் மரபு. தஞ்சைப் பெரிய கோயிலில் திருப்பதியம் பாட 48 பிடாரர்களை ராஜராஜன் நியமித்ததை அக்கோயில் கல்வெட்டே சொல்கிறது. இதை மட்டும் பார்க்கும் ஒருவர், "தேவாரம் 11ஆம் நூற்றாண்டின் படைப்பு" என்று எழுதிவிடலாம். அது எவ்வளவு பெரிய தவறாக இருக்கும்!

ஏனெனில் ராஜராஜனுக்கு ஒரு நூற்றாண்டுக்கும் மேல் முற்பட்ட, நந்திவர்மன் என்னும் பல்லவன் பெயர் தாங்கிய திருவல்லம் கல்வெட்டு, திருப்பதியம் பாடுவோருக்கு அளிக்கப்பட்ட கொடையைக் குறிக்கிறது. அதாவது தொகுப்புக்கு முன்பே பாடல்கள் வாயில் வாழ்ந்தன. இன்னும் பின்னே செல்லவும் வழி உண்டு. சம்பந்தர் தம் பதிகத்தில் சிறுத்தொண்டரைப் பாடுகிறார். சிறுத்தொண்டர் வாதாபிப் போரில் படைத்தலைமை ஏற்றவர் என்று 12ஆம் நூற்றாண்டின் பெரியபுராணம் சொல்கிறது. காஞ்சியை ஆண்ட முதலாம் நரசிம்மவர்மன் 642 அளவில் வாதாபியை வென்றான். வாதாபியிலேயே அவன் பெயர் சொல்லும் கல்வெட்டு இருக்கிறது. பதிகம், புராணம், கல்வெட்டு ஆகிய மூன்றும் ஒன்றையொன்று தொட்டபோதுதான் சம்பந்தரின் காலம் 7ஆம் நூற்றாண்டு என்று ஆய்வாளர்கள் நிறுவினர். கல் தனியாகப் பேசவில்லை. நூலும் தனியாகப் பேசவில்லை. பாவும் ஊடையும் சேர்ந்தால்தானே துணி!

சங்க நூல்களிலும் இதே கதைதான். கரூரை அடுத்த புகளூரின் ஆறுநாட்டார் மலையில் உள்ள தமிழிக் கல்வெட்டு, சமண முனிவர் ஒருவருக்குக் கல்லிருக்கை அமைத்துக் கொடுத்ததைக் கூறும்போது சேர அரசரின் மூன்று தலைமுறைகளை வரிசையாகச் சொல்கிறது. அவர்களைப் பதிற்றுப்பத்தின் 7, 8, 9ஆம் பத்துகள் பாடும் அரசர்களுடன் ஐராவதம் மகாதேவன் முதலிய அறிஞர்கள் பொருத்திக் காட்டினர். திருக்கோவிலூர் அருகே ஜம்பையில் 1981இல் கிடைத்த கல்வெட்டு, அதியமான் நெடுமான் அஞ்சியைச் 'சதியபுதோ' என்று அழைக்கிறது. அசோகரின் கல்வெட்டுகளில் சோழர், பாண்டியர், கேரளபுத்திரருடன் சொல்லப்படும் சதியபுத்திரர் யாவர் என்று நெடுங்காலம் நீடித்த வினாவுக்கு அந்த ஒற்றை வரியில் விடை கிடைத்தது. அது கிடைக்கும் வரை அதியமானைப் புலவர்களின் கற்பனை என்று சொல்லியிருந்தாலும் மறுக்க நம்மிடம் கல் இருந்திருக்காது. கல் கிடைக்காததால் மனிதர் இல்லாமல் போய்விடவில்லை.

இப்போது மாணவரின் கேள்விக்குத் திரும்புவோம். எபிரேய வேதத்தின் காலத்தைப் பற்றிக் கல்லும் உலோகமும் உண்மையில் என்ன சொல்கின்றன?

1979இல் ஜெருசலேமின் கெதெஃப் ஹின்னோம் என்னுமிடத்திலுள்ள பழைய கல்லறையில் கபிரியேல் பர்க்காய் தலைமையிலான அகழாய்வில் இரண்டு சிறு வெள்ளிச் சுருள்கள் கிடைத்தன. கழுத்தில் தாயத்தாக அணியப்பட்டவை. அவற்றை விரித்து வாசித்தபோது, இன்று எண்ணாகமம் என்று அழைக்கப்படும் நூலில் உள்ள ஆசாரியர்களின் ஆசி வாசகத்தின் ஒரு வடிவம் அவற்றில் இருந்தது. எழுத்தமைதியைக் கொண்டு பெரும்பாலோர் அவற்றைக் கி.மு. 600ஐ ஒட்டியவை என்கின்றனர். பாபிலோனியர் ஜெருசலேமை அழித்ததற்கு முந்தைய காலம் அது. எனவே அந்த ஆசி பாபிலோனியச் சிறைவாசத்திற்குப் பிறகு இயற்றப்பட்டதாக இருக்க இயலாது. அதே வேளையில், எண்ணாகமம் முழுவதும் அன்றே இருந்தது என்றும் அச்சுருள்கள் சொல்லவில்லை. நம் வீட்டுச் சுவரில் ஆயத்துல் குர்ஸி மாட்டியிருப்பதை மட்டும் பின்னொரு காலத்தில் கண்டெடுப்பவர், அதிலிருந்து 114 அத்தியாயங்களையும் அறிந்துகொள்ள முடியுமா?

யூதேயாவின் தென்கோடிப் பாலையில் அராத் என்னும் சிறு கோட்டை இருந்தது. அங்கே கி.மு. 600ஐ ஒட்டி மட்பாண்ட ஓடுகளில் மையால் எழுதப்பட்ட கடிதங்கள் கிடைத்தன. மாவும் எண்ணெயும் திராட்சை ரசமும் இன்னாருக்குக் கொடுக்கவும் என்பன போன்ற சாதாரணக் கட்டளைகள். டெல் அவிவ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016இல் கணினி கொண்டு கையெழுத்துகளை ஒப்பிட்டு, குறைந்தது 6 வேறுபட்ட கைகள் அவற்றில் உள்ளன என்றனர். ஒரு மூலைக்கோட்டையிலேயே இத்தனை பேர் எழுத அறிந்திருந்தால், பெரிய நூல்களை எழுதவும் தொகுக்கவும் தேவையான கல்வி அந்நாட்டில் இருந்திருக்கும் என்பது அவர்களின் வாதம். இது எழுதும் ஆற்றல் இருந்ததற்கான சான்று. எந்த நூல் அன்று எழுதப்பட்டது என்பதற்கான சான்று அன்று.

1947இல் சாக்கடலருகே கும்ரான் குகைகளில் ஆடு மேய்க்கும் அரபு இளைஞர்களால் கண்டுபிடிக்கப்பட்ட சுருள்கள், எபிரேய வேதப் பிரதிகளைக் கி.மு. 3ஆம் நூற்றாண்டு வரை பின்னே கொண்டு சென்றன. அதற்கு முன் முழுமையாகக் கிடைத்திருந்த மிகப் பழைய எபிரேயப் பிரதி 1008ஆம் ஆண்டினது. ஒரு குகை திறந்ததும் ஆயிரம் ஆண்டு இடைவெளி சுருங்கியது. பாலையின் வறட்சி அவற்றைக் காத்தது. நம் ஈரக்காற்றில் பனையோலையும், யூதேய மலைநாட்டு மழையில் பாப்பிரஸ் தாளும் நிலைப்பதில்லை. கிடைக்காதவை எல்லாம் எழுதப்படாதவை என்று முடிவு கட்டுவோர் கறையானையும் மழையையும் கணக்கில் எடுக்க மறக்கின்றனர்.

அந்நூல்களின் மொழியும் ஒரு சாட்சி. பழைய கல்வெட்டுகளின் எபிரேய நடைக்கு நெருங்கிய பகுதிகளும் அவற்றில் உண்டு. பாரசீகச் சொற்கள் கலந்த, காலத்தால் பிற்பட்ட பகுதிகளும் உண்டு. இவற்றையெல்லாம் எடை போட்டே பல ஆய்வாளர்கள், அத்தொகுப்பு ஒரே நாளில் எழுதப்பட்டதன்று, பல நூற்றாண்டுகளில் படிப்படியாக உருவானது என்கின்றனர். அவர்களுக்குள்ளும் கடும் விவாதம் உண்டு. காணொளியோ அந்த விவாதத்தை 'நிரூபணம்' என்று விற்கிறது.

இனி, எனக்கு மிக முக்கியமாகப் படும் செய்திக்கு வருகிறேன். 2015இல் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் இருந்த குர்ஆன் ஏடுகளின் தோல் 568க்கும் 645க்கும் இடைப்பட்டது என்று கதிரியக்கக் கரிமச் சோதனை கூறியபோது நாம் எவ்வளவு மகிழ்ந்தோம்! குர்ஆன் இரண்டு நூற்றாண்டுகள் கழித்தே வடிவம் பெற்றது என்று வாதிட்ட சில மேலை ஆய்வாளர்களுக்கு அது பதிலாயிற்று. ஜெருசலேமின் குப்பத்துஸ் ஸக்ராவில் ஹிஜ்ரி 72ஆம் ஆண்டு பொறிக்கப்பட்ட இறைவசனங்களும் அவ்வாறே. அல்ஹம்துலில்லாஹ், மகிழத்தக்க செய்திகளே. ஆனால் அச்சோதனை சொல்வது தோலின் வயதை. மையின் வயதை அன்று. இந்த நுட்பத்தைப் பிறர் வேதத்திற்கு மட்டும் சொல்லி நமக்கு வரும்போது மறைத்தால், நாம் யாருடைய வரிசையில் நிற்கிறோம்? அளந்து வாங்கும்போது நிறைவாகவும், அளந்து கொடுக்கும்போது குறைவாகவும் செய்வோரை எச்சரிக்கத்தானே அல்முதஃப்பிஃபீன் என்னும் ஓர் அத்தியாயமே இறங்கியது! பட்டும் சரிகையும் எடை போட்டு விற்கும் ஊரில் வாழும் நமக்கு அதன் பொருளை யாரும் விளக்க வேண்டியதில்லை.

குர்ஆனின் பாதுகாப்புக்கு நம் ஆதாரம் தோல் ஏடு மட்டுமன்று. நெஞ்சங்களில் மனனமாகவும் ஏடுகளில் எழுத்தாகவும் தலைமுறை தலைமுறையாகப் பெருங்கூட்டத்தார் கடத்தித் தந்த முதவாத்திர் வழியே அதன் அடிப்படை. வாய்வழி மரபுக்கு மதிப்புண்டு என்று நமக்காக வாதிடும் நாம், பிறரின் வாய்வழி மரபை ஒரே சொல்லில் தள்ளிவிடுவது நீதியாகாது. அவர்களின் மரபில் இஸ்னாத் இல்லை, தொடர்ச்சி அறுந்தது என்று கூறலாம். அது அறிவார்ந்த விமர்சனம். கல்லில் இல்லாததைக் கல் சொன்னதாகக் கூறுவது பொய்ச்சாட்சி. ஒரு கூட்டத்தார் மீதுள்ள வெறுப்பு நீதி தவறச் செய்துவிட வேண்டாம் என்னும் அல்மாயிதாவின் கட்டளை (5:8) ஆய்வுக்கும் பொருந்தும். செய்தி வந்தால் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள் என்னும் அல்ஹுஜுராத்தின் கட்டளை (49:6) வாட்ஸ்அப் செய்திக்கும் பொருந்தும்.

கல்லை ஆயுதமாக்குவதன் வலியை நாம் அறியாதவர்களா? எந்த இடத்தின் அடியில் எந்தக் கல் கிடக்கிறது என்ற வினா, அறிவுத் தேடலாக இல்லாமல் வழக்காகவும் பகையாகவும் மாறுவதை நம் வாழ்நாளிலேயே கண்டோம். அதனால் துன்புற்ற சமுதாயம், அதே கல்லை எடுத்து இன்னொருவர் மறைநூல் மீது எறிவது எவ்வாறு தகும்? பூமியில் பயணம் செய்து முன்சென்றோரின் முடிவைக் காணும்படி இறைவன் நம்மை மீண்டும் மீண்டும் அழைப்பது படிப்பினை பெறுவதற்காக. ஏளனம் செய்வதற்காக அன்று.

எனவே என் வேண்டுகோள் எளியது. 'தொல்லியல் நிரூபித்தது' என்று ஒரு செய்தி வந்தால் நான்கு வினாக்களைக் கேளுங்கள். எந்தப் பொருள்? எங்கே, எப்போது கிடைத்தது? அதில் இருப்பது என்ன? அதிலிருந்து இந்த முடிவு உண்மையில் கிடைக்கிறதா? நான்காவது வினாவுக்கு விடை தெரியும் வரை பிறருக்கு அனுப்பாதீர்கள். அந்தச் செய்தி நமக்குச் சாதகமானதாக இருந்தாலும் சரியே.

இன்ஷா அல்லாஹ், வரும் விடுமுறையில் எங்கள் மாணவர்களை உத்திரமேரூருக்கு அழைத்துச் செல்ல எண்ணியுள்ளேன். முதலாம் பராந்தகன் காலத்தில், 919இலும் 921இலும் வெட்டப்பட்ட குடவோலைக் கல்வெட்டுகள் அங்கே உள்ளன. முன்பு பதவியில் இருந்து கணக்குக் காட்டாதவர் மீண்டும் வாரிய உறுப்பினராகத் தகுதியற்றவர் என்னும் விதி அதில் உண்டு. ஆண்டைச் சொல்லும் தொடர் எது, அரசன் பெயர் எங்கே வருகிறது என்று என் மாணவர்கள் விரலால் தொடர்ந்து வாசிக்க வேண்டும். கைப்பேசியோடு வந்த மாணவர்தான் முதலில் வாசிக்கப் போகிறவர். அவரிடம் சொல்லியும்விட்டேன்.

அறிவை அமானிதமாகப் பேணுவோராகவும், நமக்கும் பிறருக்கும் ஒரே அளவால் அளப்போராகவும் வல்ல ரஹ்மான் நம் அனைவரையும் ஆக்கி அருள்வானாக. ஆமீன்.

அல்லாஹ்வே மிக அறிந்தவன்.