பி.டி. பீரியடைத் திருடிய கணக்கு வாத்தியார் எழுதுவது



நேற்று நம் மாப்பிள்ளை ஒருவர் பிரேசில் ரொனால்டோவின் பழைய கோல்களைப் பகிர்ந்திருந்தார். (போர்ச்சுகல்காரர் இல்லை, மொட்டைத் தலையும் முன்பல்லுமாக இருப்பாரே, அவர்.) மேலே ஒரு வரி: "இந்த மாதிரி ஒருத்தன் நம்ம கரிசக்காட்டுல பொறக்கவே மாட்டான், அதெல்லாம் ரத்தத்துல வரணும்." கீழே வரிசையாகக் கைதட்டல். தட்டியவர்களில் பாதிப் பேர் என்னிடம் கணக்குப் படித்தவர்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

ரத்தமாம் ரத்தம்! ரியோ நகரத்தின் ஓரத்தில் வசதி இல்லாத வீட்டில் பிறந்த பையன் அவர். பெரிய கிளப்புக்குப் பயிற்சிக்குப் போய்வரப் பஸ் காசு இல்லாமல் அந்த வாய்ப்பை விட்டார் என்று சொல்வார்கள். ஆனால் அந்த ஊரில் அதற்கு அடுத்த படியில் ஒரு சின்ன கிளப் இருந்தது. அது அவரைச் சேர்த்துக்கொண்டது. 17 வயதில் 1994 உலகக் கோப்பை அணியில் இடம். 2000இல் முழங்கால் நொறுங்கியது. இனி அவ்வளவுதான் என்றார்கள். 2002இல் திரும்பி வந்து 8 கோல், அதில் இரண்டு ஜெர்மனிக்கு எதிரான இறுதிப் போட்டியில். ரத்தத்தால் மட்டும் நடக்கிற காரியமா இது? மைதானம், பயிற்சியாளர், மருத்துவர், காத்திருக்கிற பொறுமை எல்லாம் சேர்ந்தால்தான் நடக்கும்.

அவ்வளவு தூரம் போவானேன்? 'திமிரு' படத்து வில்லனை உங்கள் எல்லோருக்கும் தெரியும். 'பிகில்' படத்திலும் வந்தார். ஐ.எம். விஜயன். திருச்சூர் மைதானத்தில் சோடா விற்ற பையன். கேரளப் போலீஸ் அணி அவரைச் சேர்த்துக்கொண்டது. சோறும் வேலையும் பந்துதான் கொடுத்தது. 1999 தெற்காசிய விளையாட்டில் பூடானுக்கு எதிராக ஆட்டம் தொடங்கிய 12ஆவது நொடியில் கோல் அடித்தவர். 2003இல் அர்ஜுனா, 2025இல் பத்மஸ்ரீ. நமக்கு அவர் விஷாலிடம் அடிவாங்கிய ஆள்!

சரி, அவர் மலையாளி என்பீர்கள். இன்னொரு விஜயன் இருக்கிறார், தெரியுமா? ராமன் விஜயன். தமிழ்நாட்டுக்காரர். 1997-98 தேசியக் கால்பந்து லீக்கில் எஃப்.சி. கொச்சின் அணிக்காக 10 கோல் அடித்து, நாட்டிலேயே அதிக கோல் அடித்தவராக வந்தார். கல்கத்தாவில் அவரைத் தெரியும். கேரளத்தில் தெரியும். நம் ஊர் டீக்கடையில் கேட்டுப் பாருங்கள். எனக்கே ஓய்வு பெற்ற பிறகுதான் தெரியும், வெட்கத்தோடு சொல்கிறேன்.

இதையும் கேளுங்கள். நம் திருச்சுழியில் பிறந்த ரமண மகரிஷி பள்ளிப் பருவத்தில் பந்து விளையாடியவர். அவர் இருக்கிற அணிதான் ஜெயிக்கும் என்று 'தங்கக்கை' என்றே கூட்டாளிகள் கூப்பிட்டார்களாம். எங்கே போயிற்று மாப்பிள்ளை உங்கள் ரத்தக் கணக்கு?

இப்போது என் கணக்கு. பத்தாம் வகுப்புக்கு வாரம் இரண்டு பி.டி. பீரியட் இருந்தது. பொங்கல் கழிந்ததும் இரண்டையும் நான் எடுத்துக்கொள்வேன். பி.டி. சாரிடம் "கடன் கொடுங்க சார்" என்பேன். ஒரு நாளும் திருப்பிக் கொடுத்ததில்லை. திருட்டுக்கு நான் வைத்த பெயர் கடன்.

அந்த வகுப்பில் ஒரு தறிக்காரர் மகன் இருந்தான். பெயர் வேண்டாம், உங்களில் பலருக்குத் தெரியும். செருப்பில்லாத காலால் அடித்தால் பந்து சொன்ன இடத்துக்குப் போகும். மாவட்டப் போட்டிக்கு அவனை அனுப்பக் கேட்டு பி.டி. சார் வந்தபோது, அரைப் பரீட்சையில் அவன் வாங்கிய 31 மார்க்கைக் காட்டி மறுத்தேன். அவனைக் கூப்பிட்டு, "பந்து சோறு போடுமாடா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டேன். வகுப்பே சிரித்தது. அவன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். கணக்கில் தேறினான். இன்றைக்கு லாரி ஓட்டுகிறான். அது கேவலமான தொழில் இல்லை. ஆனால் அவனுக்கு வேறு ஒரு வழி இருந்ததா என்று பார்க்கக்கூட நான் விடவில்லை.

சோறு போடுமா என்று இன்னும் கேட்கிறவர்களுக்கு: தமிழக அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 விழுக்காடு ஒதுக்கீடு இருக்கிறது. ரயில்வே எடுக்கிறது, போலீஸ் எடுக்கிறது. நம் பிள்ளைகள் விண்ணப்பம் போடுவதற்கே ஒரு சான்றிதழ் வேண்டும். சான்றிதழுக்குப் போட்டிக்குப் போக வேண்டும். போட்டிக்குப் போக, முதலில் அந்த நாற்பது நிமிடம் வேண்டும்.

"இந்தக் காலத்தில் மார்க் இல்லாமல் என்ன சார் செய்வது?" என்று சில தாய்மார்கள் கேட்பீர்கள். நியாயம்தான் அம்மா. வாரத்தில் எண்பது நிமிடத்தைத் தின்றுதான் மார்க் வர வேண்டும் என்றால், மீதி நேரமெல்லாம் நாங்கள் வகுப்பில் என்ன கிழித்தோம்? அந்தக் கேள்வியை வாத்தியாரிடம் கேளுங்கள்.

என் மாணவர்களில் இன்று ஆசிரியராக இருக்கிறவர்கள் பலர். ஒருவர் தலைமையாசிரியர். இன்னும் சிலர் பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கிறீர்கள். ஜூன் மாதம் கால அட்டவணை போடும்போது பி.டி. பீரியடுக்கு நேரே வேறு வாத்தியார் பெயர் பென்சிலில் ஏறுகிறதா என்று பாருங்கள். ஏறினால் அழியுங்கள். மைதானத்தில் சீமைக்கருவேலம் மண்டிக் கிடந்தால் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். மண்வெட்டியோடு முதல் ஆளாக நான் வருகிறேன், முழங்கால் வலியோடு.

மாப்பிள்ளை கோபித்துக்கொள்ள வேண்டாம். அந்த லாரிக்காரத் தம்பியின் நம்பர் யாரிடமாவது இருந்தால் இன்பாக்ஸில் போடுங்கள். அவனிடம் நான் பேச வேண்டியிருக்கிறது.