பாட்டியின் துணிமூட்டை



ஜெராம் பக்கத்துத் தோட்டங்களில் வயதானவரை ஆஸ்பத்திரியில் சேர்ப்பதென்றால், முதலில் தயாராவது ஒரு துணிமூட்டைதான். தஞ்சோங் காராங்கோ கிள்ளானோ, எங்கே போனாலும் அது கூடவே வரும். மாற்றுச் சேலை, போர்வை, தைலப் புட்டி, திருநீற்றுப் பொட்டலம், சாமி படம், சுருக்குப் பை. அதைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம். அதில் இருக்க வேண்டியது இருக்கிறதா என்று பாருங்கள்.

எனக்குத் தெரிந்த பாட்டி ஒருவர் காய்ச்சலோடு ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். உடைந்துவிடும் என்று மூக்குக்கண்ணாடியை மருமகள் வீட்டிலேயே பத்திரமாக வைத்துவிட்டார். பாட்டியோ பொய்ப்பல்லைக் கழற்றி, டிஷ்யூத் தாளில் சுற்றிச் சாப்பாட்டுத் தட்டின் ஓரம் வைத்தார். அது குப்பையோடு போய்விட்டது. மூன்றாம் நாள் இரவு, பெற்ற மகனையே “நீ யார்?” என்று கேட்டார். “காத்து கருப்பு பட்டிருக்கும்” என்றார்கள் உறவினர்கள். டாக்டர் கேட்டதோ, “பாட்டியின் கண்ணாடி எங்கே?” என்றுதான்.

இதற்குப் பெயர் சித்தக் குழப்பம். நோய்க்கிருமி, உடலில் நீர் வற்றுதல், சில மருந்துகள், தூக்கமின்மை ஆகியவற்றால் வருவது. கண்ணும் காதும் மங்கினால் இன்னும் எளிதாக வரும். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக மருத்துவர்கள் 70 வயதைத் தாண்டிய 852 நோயாளிகளை ஆராய்ந்து, 1999-இல் முடிவை வெளியிட்டார்கள். வழக்கமான பராமரிப்பில் நூற்றுக்குப் 15 பேருக்கு இந்தக் குழப்பம் வந்தது. கண்ணாடி, காதுக் கருவி, போதிய தண்ணீர், நடமாட்டம், இரவுத் தூக்கம் ஆகியவற்றைக் கவனித்துக்கொண்ட பிரிவில் ஏறத்தாழ 10 பேருக்குத்தான் வந்தது.

ஆகவே தாய்மார்களே, மூட்டை கட்டும்போது இவற்றை மறவாதீர்கள். கண்ணாடியும் காதுக் கருவியும் கட்டாயம் போகட்டும். பொய்ப்பல்லுக்கு மூடியுள்ள டப்பா ஒன்றில் பெயர் எழுதிக் கொடுங்கள். கழற்றியதும் தண்ணீரில் போட வேண்டும். தாளில் சுற்றக் கூடாது. இனிப்பு நீர், இரத்த அழுத்த மாத்திரைகளை உறையோடு கொண்டுபோய் டாக்டரிடம் காட்டுங்கள். நாட்டு மருந்து சாப்பிட்டிருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். நீலமோ சிவப்போ, அடையாளக் கார்டு பிள்ளைகள் கையில் இருக்கட்டும்.

நகையும் பணமும் வீட்டில் இருக்கட்டும். கை வீங்கினால் மோதிரத்தை வெட்டித்தான் எடுக்க வேண்டிவரும். அறுவைச் சிகிச்சைக்கு முன் தாலியைக் கழற்றச் சொன்னால் பாட்டி கலங்குவார். மஞ்சள் கிழங்கு கட்டிய கயிறு ஒன்றை மூட்டையில் வையுங்கள். அதையாவது மணிக்கட்டில் கட்டிக்கொள்ளலாமா என்று தாதியிடம் கேளுங்கள்.

அந்தப் பாட்டிக்குக் காய்ச்சல் தணிந்தது; கண்ணாடியும் வந்து சேர்ந்தது. சில நாளில் மகனைப் பெயர் சொல்லி அழைத்தார். ஆனால் புதுப் பல் கட்டும்வரை பல வாரங்கள் கஞ்சிதான் குடித்தார்.

உங்கள் வீட்டிலும் மூடியுள்ள பழைய டப்பா ஒன்று இருக்கும். இன்றைக்கே அதில் பெயர் எழுதி வையுங்கள்.