17 நிமிடத்தில் முடிந்த ஒப்புதல்

2001 ஜனவரி. ஹங்கேரியில், ரோமா என்ற சிறுபான்மை இனத்தைச் சேர்ந்த நிறைமாதக் கர்ப்பிணி ஒருவர் பனிக்குடம் உடைந்து, கடும் ரத்தப்போக்குடன் ஆம்புலன்ஸில் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தார். குழந்தை வயிற்றிலேயே இறந்திருந்தது. உடனே சிசேரியன் செய்தாக வேண்டும். அவரிடம் நீட்டிய படிவத்தில் மருத்துவர் அவசரமாகக் கையால் எழுதிய வரிகளும் இருந்தன. கருத்தடை அறுவைக்கு அதில் இருந்தது ஒரு லத்தீன் சொல். அந்தப் பெண் அறியாதது. கையெழுத்திட்டார். ஆம்புலன்ஸ் வந்ததிலிருந்து இரண்டு அறுவையும் முடிய 17 நிமிடம். வீடு திரும்பும் முன், அடுத்த குழந்தைக்கு எப்போது முயலலாம் என்று மருத்துவரைக் கேட்டபோதுதான் அந்தச் சொல்லின் பொருள் அவருக்குத் தெரிந்தது.

பெண்களுக்கு எதிரான பாகுபாட்டை ஒழிப்பதற்கான ஐ.நா. குழு 2006-இல் ஹங்கேரியின் மீது தவறு என்று முடிவு சொன்னது.

ரோமா பெண்கள் ஆஸ்பத்திரிக்கு வரத் தயங்கினால் அதை அறியாமை என்று எழுதிவிடுவது மருத்துவ உலகின் பழக்கம். அது அறியாமை அல்ல. தாய்க்கும் அத்தைக்கும் நடந்ததை நேரில் பார்த்தவர்களின் எச்சரிக்கை.

ஸ்லோவாக்கியாவின் பிரெஷோவ் நகரில் 2000-இல் பிரசவ வலியில் துடித்த பெண்ணிடம், இன்னொரு கர்ப்பம் தரித்தால் உயிருக்கு ஆபத்து என்று சொல்லிக் கருத்தடைக்குக் கையெழுத்து வாங்கினார்கள். அவருடைய கேஸ் ஷீட்டில் ‘நோயாளி ரோமா இனத்தவர்’ என்ற குறிப்பும் இருந்தது. அந்தக் குறிப்பால் எந்தச் சிகிச்சைக்கு என்ன பயன்? 2011-இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் அவருக்கு 31,000 யூரோ இழப்பீடு வழங்கச் சொன்னது. அதே ஆண்டு சர்வதேச மகப்பேறு மருத்துவர் கூட்டமைப்பான ஃபிகோவும் தெளிவாகச் சொன்னது: இனிமேல் கருத்தரிக்காமல் தடுப்பது அவசரச் சிகிச்சை ஆகாது, பிரசவ வலியில் இருப்பவரிடம் அதற்கு ஒப்புதல் கேட்கக் கூடாது.

ருமேனியா 2002 முதல் ரோமா பெண்களையே சுகாதார இணைப்பாளர்களாக அரசு முறையில் நியமித்து வருகிறது. வீட்டுக்கும் மருத்துவருக்கும் நடுவே நின்று, இருவர் பேச்சையும் புரியவைப்பவர்கள் இவர்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் படிவத்தை நீட்டுவது மருத்துவரின் கை. அதை விளக்கும் பொறுப்பை இணைப்பாளர் தலையில் கட்டிவிட முடியாது.

செக் குடியரசு 2021-இல் சட்டம் இயற்றி, சம்மதமின்றிக் கருத்தடை செய்யப்பட்டவர்களுக்குத் தலா 3,00,000 கொருனா தர முன்வந்தது. விண்ணப்பித்தவர்களிடம் மருத்துவப் பதிவேட்டைக் கேட்டார்கள். பழைய பதிவேடுகள் பலவற்றை ஆஸ்பத்திரிகள் எப்போதோ அழித்துவிட்டிருந்தன. வயிற்றில் தழும்போடு வந்த பெண்கள் பலர், காகிதம் இல்லை என்று திருப்பி அனுப்பப்பட்டார்கள்.